பள்ளிக்குப் பின் எங்கே?

சிவகாசி என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவை மூன்று: தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர். இவை பிறக்கும் இடங்களைத் தொழிற்சாலை என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வார் குறைவு. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்பதே மக்கள் வழக்கு. அந்த ஆபீசுகளுக்குச் சின்னஞ்சிறு பிள்ளைகள் விடியுமுன் வேலைக்குப் போன காலத்தில்தான் நான் ஆசிரியனாகப் பணியில் சேர்ந்தேன். வேலைத்தலத்திலிருந்து பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்து வருவது எவ்வாறு என்பதே அன்று எங்கள் முன் நின்ற கேள்வி. இன்று அதற்கு நேர்மாறான ஒரு கேள்வியைக் குறித்துப் பேச விரும்புகிறேன். அறிவு வளர்ச்சியில் குறைபாடுடைய ஒரு பிள்ளை, பள்ளியை விட்டபின் எங்கே போவது?

இக்கேள்வியை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவன். அவன் பெயரைச் சொல்லவில்லை. சிவகாசிக்கு அருகில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அவன் என் வகுப்பில் இருந்தான். எட்டாம் வகுப்பு வரை வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாது. இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆயினும், தொலைவில் வரும் பேருந்து எதுவென்று அதன் ஓசையைக் கொண்டே சொல்லுவான். அவனுக்கு என்ன வேலை கொடுப்பதென்று தெரியாமல், பள்ளி மணி அடிக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். மூன்றாண்டுகள் அவன் ஒருநாளும் தவறவில்லை. மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிட்டு அவனை அனுப்பிய அன்று, ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன்.

சில ஆண்டுகள் கழிந்தபின் ஒருநாள் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். வாயிலுக்கு வெளியே வளர்ந்த இளைஞன் ஒருவன் நின்றிருந்தான். அவனே. மணி அடித்ததும் திரும்பி நடந்தான். அவன் தாய் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். மாலையில் அவரைச் சென்று கண்டேன். "தினமும் அந்த நேரத்துக்குப் போய் நிக்கான் சார். போகாதேன்னாலும் கேக்க மாட்டேங்கான்" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் இருக்குற வரைக்கும் கஞ்சி ஊத்துவேன். எனக்குப் பெறகு இவன் என்ன சார் செய்வான்?" என்று கேட்டார். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் நான். பாடம் நடத்தும் முறைகள் பல கற்றவன். அந்தத் தாய்க்கு விடை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பள்ளி அவனுக்கு ஒரு மணியைக் கொடுத்தது. அதன்பின் ஒன்றையும் கொடுக்கவில்லை. அக்குறை என்னுடையது.

இக்கேள்வி புதிதன்று. சங்கப் புலவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புறநானூற்றின் 28ஆம் பாடலில் மக்கட் பிறப்பின் எண்வகைக் குறைகளை அடுக்கிச் சொல்லுகிறார். குருடு, செவிடு முதலியவற்றோடு மருளும் அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. ஆகவே, அறிவு தெளியாத மக்களும் ஊருக்குள் உண்டு என்பதைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர். ஆனால் அவர்களுக்குக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் உலகில் எங்கும் நெடுங்காலம் எழவில்லை.

அவ்வெண்ணம் பிரெஞ்சு நாட்டில் தோன்றியது. 1800ஆம் ஆண்டில், தென் பிரான்சின் அவேரோன் பகுதிக் காடுகளில் திரிந்த சிறுவன் ஒருவன் பிடிபட்டான். அவனுக்குப் பேச்சில்லை. இத்தார் என்னும் இளம் மருத்துவர் விக்டர் என்று அவனுக்குப் பெயரிட்டு, ஏறக்குறைய ஐந்தாண்டுகள் பாரிசில் கற்பித்தார். விக்டர் சில சொற்களை எழுத்தில் அடையாளம் கண்டான், உணவு மேசையை ஒழுங்குசெய்யப் பழகினான், விறகறுக்கக் கற்றான். பேச்சு மட்டும் வரவில்லை. தம் முயற்சி தோற்றதென்று கருதி இத்தார் அதனைக் கைவிட்டார். ஆனால் விக்டர், தன்னைப் பேணிய கெரேன் என்னும் அம்மையாரின் பராமரிப்பிலேயே 1828இல் இறக்கும்வரை வாழ்ந்தான். மருத்துவர் தோல்வி என்று எண்ணியதை நாம் இன்று வேறுவிதமாகப் பார்க்கலாம். பேச்சுப் பாடம் முற்றுப்பெறவில்லை. எனினும் ஒரு வீட்டில், ஒரு தெருவில், ஒரு மனிதனாக வாழ இடம் கிடைத்தது.

இத்தாரின் மாணவர் செகேன், இத்தகைய பிள்ளைகளுக்கெனப் பாரிசில் முதற்பள்ளிகளை நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்றார். அங்கே 1848இல் ஹவ் என்பவர் மாசசூசெட்சு மாநிலத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தார். பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்து மீண்டும் அவரவர் வீட்டுக்கே அனுப்ப வேண்டும் என்பதே இம்முன்னோடிகளின் நோக்கம். ஆனால் நடந்தது வேறு. பயிற்சி முடிந்த பிள்ளைகளை ஏற்க ஊர் ஆயத்தமாக இல்லை. எனவே பள்ளிகள் மெல்ல மெல்ல உயர்ந்த மதில்கள் சூழ்ந்த பெருவிடுதிகளாயின. உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை. பள்ளிக்குப் பின் எங்கே என்ற கேள்விக்கு ஊர் விடை காணாவிடில், பள்ளியே சிறையாகிவிடும் என்பது அவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

இவ்வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார், செகேனின் நூல்களைப் பயின்று, ரோமாபுரியில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கே முதலில் கற்பித்தார். கையால் தொட்டும், அடுக்கியும், பொருத்தியும் அவர்கள் கற்பதைக் கண்டார். அதே முறையை 1907இல் ஏனைக் குழந்தைகளுக்கும் கொண்டுசென்றார். அவர் 1939இல் அடையாறுக்கு வந்து, போர் முடியும் வரை இந்நாட்டில் தங்கி, ஆசிரியர்களைப் பயிற்றினார். மாண்டிசோரி வகுப்பு என்று இன்று செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் கல்வியானது, எந்தப் பிள்ளைகளைப் பள்ளி வேண்டாமென்று ஒதுக்கியதோ அவர்கள் தந்த கொடை என்பதை எத்தனை பேர் அறிவர்?

இந்தியச் சட்டத்தின் கதையும் அறியத்தக்கது. 1912ஆம் ஆண்டின் சித்தப்பிரமைச் சட்டம், அறிவு வளர்ச்சி குன்றியவரையும் மனநோயாளரையும் ஒரே சொல்லில் அடக்கியது. முன்னது பிறவியிலோ இளமையிலோ தோன்றும் நிலை; பின்னது சிகிச்சைக்குரிய நோய். இவ்விரண்டையும் 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே தெளிவாகப் பிரித்தது. இடையில், 1944இல் பம்பாயில் ஜெய் வக்கீல் அம்மையார் இப்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். 1950களில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் பால விகார் தோன்றியது. 1984இல் செகந்திராபாத்தில் தேசிய நிறுவனம் ஒன்றை மத்திய அரசு நிறுவியது.

1995இல் மாற்றுத்திறனாளிகளுக்கான முதற் பெருஞ்சட்டம் வந்தது. அது அரசுப் பணிகளில் நூற்றுக்கு மூன்று இடங்களை ஒதுக்கியது. ஆனால் பார்வை, செவி, உடலியக்கம் ஆகியவற்றில் குறையுடையோர்க்கே அவ்விடங்கள் உரியவாயின. அறிவுசார் குறைபாடும் அச்சட்டத்தின் பட்டியலில் இருந்தது. வேலையில் மட்டும் அதற்குப் பங்கில்லை. இவரால் என்ன வேலை செய்ய முடியும் என்று சட்டம் இயற்றியவர்களும் எண்ணினர் போலும்! 2016ஆம் ஆண்டின் சட்டம்தான் ஒதுக்கீட்டை நான்காக உயர்த்தி, அதில் ஓர் இடத்தை மதியிறுக்கம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியன உடையோர்க்கு அளித்தது. பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையையும் அச்சட்டம் உறுதி செய்கிறது.

என் மாணவனின் தாய் கேட்ட கேள்வியை நாடெங்கும் பெற்றோர் கேட்டனர். அதற்கு விடையாகப் பிறந்ததே 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். மாவட்டந்தோறும் ஆட்சியரை உள்ளிட்ட ஒரு குழு அமைந்து, பதினெட்டு வயது நிறைந்த இத்தகையோர்க்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க அது வழிசெய்தது. அவ்வாறு வழிசெய்த இரண்டே ஆண்டுகளில், எங்கள் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தில், ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். அவர்கள் மனநோயாளிகள், நான் பேசும் பிள்ளைகள் வேறு. எனினும், ஊர் தன் கண்ணுக்கு மறைவாக ஒதுக்கும் மனிதர்க்கு என்ன நேரக்கூடும் என்பதை அத்தீ காட்டியது.

இனி, பள்ளியிலிருந்து வாழ்வுக்குச் செல்லும் வழி எவ்வாறு அமைய வேண்டும்? அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நல்ல விதியை வகுத்தது. மாணவன் பதினாறு வயதை எட்டுமுன்பே, பள்ளிக்குப் பின் அவன் என்ன செய்வான் என்பதைப் பள்ளியும் பெற்றோரும் கூடி எழுதி வைக்க வேண்டும் என்பதே அது. கடைசி நாளில் சான்றிதழை நீட்டுவது போதாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வழி வகுத்தல் வேண்டும். மணி அடிக்கும் மாணவனுக்கு நான் செய்யத் தவறியது இதுவே.

அத்தாயைக் கண்டபின், காலந்தாழ்ந்தேனும் நாங்கள் முயன்றோம். பட்டாசு ஆபீசுக்கு அவனை அனுப்ப நான் இசையவில்லை. மருந்து புழங்கும் அறையில் ஓர் அவசரச் சொல்லைக் கேட்டவுடன் விளங்கிக்கொள்ள வேண்டும். அது அவனால் ஆகாது. நல்லவேளையாக எங்கள் ஊரில் அச்சகங்கள் உண்டு. அச்சிட்ட லேபிள்களை எண்ணிக் கட்டும் வேலைக்கு ஓர் அச்சக உரிமையாளர் அவனை எடுத்துக்கொள்ள ஒப்பினார். அவனுக்குத்தான் எண்ணத் தெரியாதே! அதற்கு வழி காட்டியவர் அவன் தாயே. தீப்பெட்டிக் குச்சிகளை அடுக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணுவார் இல்லை. பள்ளம் நிறைந்தால் கணக்கு நிறைந்தது. அதுபோல் ஒரு கட்டுக்குரிய லேபிள்கள் மட்டும் கொள்ளும் மரப்பெட்டி ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கினோம். பெட்டி நிறைந்தால் எடுத்துக் கட்ட வேண்டும். எண்ணும் வேலையைப் பெட்டி ஏற்றுக்கொண்டது.

வேலையைப் பத்துச் சிறு படிகளாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு படியாகப் பழக்கினோம். முதல் வாரம் எந்திர ஓசைக்கு அஞ்சி இருமுறை வெளியே ஓடினான். கோடியிலிருந்த அறைக்கு அவன் இருக்கையை மாற்றினார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு முதிய அம்மையார் அவனைத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். பேருந்தில் போய்வர மூன்று வாரம் அவனுடன் ஒருவர் சென்றனர். ஓசையால் பேருந்தை அறியும் அவனுக்கு அது எளிதாயிற்று. நான்கு மாதங்களில் தனியே வேலை செய்தான். மற்றவருக்குக் கொடுத்த அதே கட்டுக்கூலியை அவனுக்கும் கொடுத்தார்கள். அவன் வேகம் குறைவு. ஆதலால் வாரக்கூலியும் குறைவு. ஆனால் தன் கூலியைத் தானே கொண்டுபோய்த் தாயின் கையில் கொடுத்தான்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லுவர். ஒவ்வொருவனுக்கும் ஏற்ற வழியைத் தேட வேண்டும் என்பது அதன் பொருள். முதலில் ஆண்டுக்கணக்கில் பயிற்றிப் பிறகு வேலை தேடுவதைவிட, வேலைத்தலத்திலேயே அமர்த்தி அங்கேயே பழக்குவது பயன் தரும் என்று இன்று அறிஞர் கூறுகின்றனர். சிவகாசிக்கு இது புதிய செய்தியன்று. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபோது, ஏட்டைப் பார்த்துக் கற்கவில்லை. தொழில் நடக்கும் இடத்தில் இருந்தே கற்றனர். ஊர் முழுதும் அவ்வாறுதான் தொழில் பயின்றது.

எங்கள் ஊர் மனம் மாறக்கூடிய ஊர் என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. 1988இல் தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது சிவகாசிப் பகுதியும் அதில் இடம்பெற்றது. 1996 டிசம்பர் 10ஆம் நாள், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து எழுந்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்துமாறு முதலாளிகளுக்கு ஆணையிட்டது. அக்குழந்தையின் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க வழி காணுமாறு அரசுக்கும் கூறியது. அன்று இது நடக்காது என்றவர் பலர். எனினும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். வேலையிலிருந்து பள்ளிக்கு வரும் பாதையைச் சட்டமும், ஆசிரியரும், பெற்றோரும் சேர்ந்து அமைத்தோம். பள்ளியிலிருந்து வாழ்வுக்குப் போகும் பாதையையும் அவ்வாறே அமைக்க முடியும். தொலைவில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் 1981இல் இராமகிருஷ்ணன் என்பார் நிறுவிய அமர் சேவா சங்கம், கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிப்பதோடு ஊர் ஊராகச் சென்று இப்பணியைச் செய்து வருகிறது. அவர் தாமே கழுத்துக்குக் கீழ் உடலியக்கம் இழந்தவர்.

மாணவர்களே, இதில் உங்கள் பங்கு என்ன? சட்டம் இயற்றுவது பெரியோர் செயல். பக்கத்து இருக்கையைப் பகிர்ந்துகொள்வது உங்கள் செயல். உங்கள் வகுப்பில் இத்தகைய தோழன் ஒருவன் இருந்தால், அவனைக் கேலிப்பெயர் சொல்லி அழைக்காதீர்கள். அவன் வயதுக்குரிய மரியாதையோடு பேசுங்கள். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது காசை அவன் கையில் கொடுத்து, மிச்சத்தை அவனையே வாங்கச் சொல்லுங்கள். பள்ளியை விட்டபிறகும் அவன் வீட்டுத் திண்ணைக்குச் சென்று பேசுங்கள். நாளை உங்களுள் ஒருவர் அச்சகம் நடத்தலாம், ஒருவர் ஆசிரியராகலாம், ஒருவர் மாவட்ட ஆட்சியராகவும் வரலாம். அன்று, எனக்குப் பின் இவன் என்ன செய்வான் என்று ஒரு தாய் வந்து கேட்பார். என்னைப்போல் விடையின்றி நீங்கள் நிற்கலாகாது.

என் மாணவனின் தாய் இப்போது இல்லை. அவன் தங்கையின் வீட்டில் இருக்கிறான். இன்னும் வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வதென்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை; அன்று தெருமுனையில் நின்று பேருந்துகளை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருப்பான். அவ்வழியே போகும்போதெல்லாம் நானும் சற்று நேரம் அவனருகே நிற்கிறேன். வரும் பேருந்து எதுவென்று அவன் சொல்லுவான், நான் கேட்டுக்கொள்வேன்.