கோழித்தீனில் கலந்த மருந்து

1979 இல் நான் பணியாற்றிய பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில், மருந்து கலந்த கோழித்தீனை விஞ்ஞானத்தின் கொடையெனப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். தீன் வியாபாரி ஒருவர் தந்த துண்டுப்பிரசுரமே எனக்கிருந்த ஒரே ஆதாரம். பழைய பத்திரிகை நறுக்குகளைப் புரட்டுகையில் அண்மையில் அது கண்ணில் பட்டது. வெட்கமாக இருந்தது.

இவ்வரலாறு நியூயோர்க் மாநிலத்தின் பேர்ள் ரிவரில் தொடங்குகிறது. அங்கே லெடர்லி ஆய்வுகூடத்தில் தோமஸ் ஜூக்ஸ், ரொபேர்ட் ஸ்டொக்ஸ்டட் ஆகிய இருவரும் கோழிக்குஞ்சுகளுக்கு விற்றமின் பி12 ஊட்ட மலிவான வழி தேடிக்கொண்டிருந்தனர். ஒரியோமைசின் மருந்தைத் தயாரித்தபின் எஞ்சிய நொதிக் கழிவைத் தீனில் கலந்து பார்த்தனர். 1948 டிசம்பர் 25 அன்று, ஊழியர்கள் நத்தார் விடுமுறையில் சென்றுவிட, ஜூக்ஸ் தாமே குஞ்சுகளை நிறுத்தார். கழிவை உண்டவை நன்கு கனத்திருந்தன. விற்றமின் மட்டுமன்று, கழிவில் மிஞ்சியிருந்த மருந்தும் அதற்குக் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1951 இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. நோய் தீர்க்கவேண்டிய மருந்து எடை கூட்டும் தீவனமாயிற்று.

நான் கட்டுரை எழுதிய வேளை, மனிதருக்கு மருந்தாகும் அன்ரிபயோட்டிக்குகளை எடை கூட்டுவதற்காகத் தீனில் சேர்க்கலாகாது எனப் பிரித்தானியாவின் சுவான் குழு அறிக்கையிட்டுப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. 1976 இல் ஸ்டுவர்ட் லெவி மசாசூசெற்ஸ் பண்ணையொன்றில் கண்டது இன்னும் கலக்கமூட்டுவது. கோழிகள் டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீனை உண்டன. சில மாதங்களில், அம்மருந்தை வாயில் வைத்திராத பண்ணைக் குடும்பத்தினரின் குடலிலும் அதற்கு மசியாத பக்டீரியாக்கள் பெருகின. இதையெல்லாம் நான் தேடிப் படித்திருக்கவேண்டும். சுவீடன் 1986 இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாக 2006 இலும் எடை கூட்டும் அன்ரிபயோட்டிக்குகளைத் தடைசெய்தன.

மாற்றுவழியும் எழுபதுகளிலேயே தென்பட்டது. நலமான வளர்ந்த கோழியின் குடற்பொருளைக் குஞ்சுக்கு ஊட்டினால் சல்மொனெல்லா எளிதில் குடியேறாது என பின்லாந்தின் நூர்மியும் ரன்ராலாவும் 1973 இல் காட்டினர். இன்று நற்பக்டீரியாத் தூளாகத் தீனில் சேர்வதும் அதே எண்ணந்தான். வெப்பகாலத்தில் இதற்குத் தனித் தேவையுண்டு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அலகைத் திறந்து இளைத்தே சூட்டைத் தணிக்கிறது. அப்போது இரத்தம் குடலைவிட்டுத் தோலை நாடுவதால் குடற்சுவர் நலிந்து, கிருமிகள் உட்புக வழி பிறக்கிறது. தூள் அந்தச் சுவரை ஓரளவு காக்கிறது, சூட்டைத் தணிப்பதில்லை.

வவுனியாவில் புரொய்லர் வளர்க்கும் மருமகனிடம் கடந்த சித்திரையில் இதைப்பற்றிக் கேட்டேன். "தூளும் போடுறன் மாமா. ஆனா மத்தியானத்திலை கூரைக்குத் தண்ணி அடிக்காட்டி ஒண்டும் மிஞ்சாது" என்றான்.