மொரிஸ் மைனரும் கூப்பன் அரிசியும்

கூரையை மடித்துவிட்டு ஓடுகிற பழைய அமெரிக்க கார் ஒன்றை யாராவது திருத்தி, பெயின்ட் அடித்து ரோட்டில் இறக்கினால் பார்க்காமல் போக முடியுமா? சினிமாவும் ஹவானா நகரத்துப் போட்டோக்களும் அந்த ஆசையை நமக்குள் எப்போதோ போட்டுவிட்டன. ஆனால் பதுளையிலும் பண்டாரவளையிலும் அந்த ஆசையின் பெயர் பெரும்பாலும் மொரிஸ் மைனர்தான். வட்டக் கண், உருண்ட முதுகு. கலியாண வீட்டு வாசலில் பூ சுற்றி நின்றால் மாப்பிள்ளையை விட அதைத்தான் ஆட்கள் போட்டோ எடுப்பார்கள்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948 ஒக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. கூரை மடிக்கிற வகையும் அதில் இருந்தது. இங்கிலாந்தில் அது நடுத்தரக் குடும்பத்துக் கார். இங்கேயோ கார் என்றாலே துரை, டாக்டர், பெரிய முதலாளி. தோட்டத்துச் சனம் அதை ரோட்டோரத்தில் ஒதுங்கி நின்றுதான் பார்த்தது.

சரி, இத்தனை வருசமாக இது எப்படி ஓடுகிறது? "அந்தக் காலத்து இரும்பு" என்று பெரியவங்க சொல்வாங்க. அதுவும் உண்மைதான். பொனட்டைத் திறந்தால் எல்லாமே கைக்கு எட்டும், ஊர் பாஸே திருத்திவிடுவார். ஆனால் பெரிய காரணம் வேறு: புதுக் கார் வரவில்லை. 1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரையான சிறிமாவோ ஆட்சியில் கதவு இன்னும் இறுகியது. இருந்த வண்டியைத்தான் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருந்தது. 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்க கார்கள் வராமல் போன கியூபாவிலும் இதே கதைதான். நம்ம பாஸ்மாரின் கைப்பழக்கம் கடைசியில் இங்கிலாந்து வரை போனது. 1990களில் அங்குள்ள மொரிஸ் மைனர்களுக்கான பாகங்கள் சில இலங்கையில் செய்து அனுப்பப்பட்டன.

கார்க் கதை பொதுவாக இந்தப் பெருமையோடு முடிந்துவிடும். ஆனால் அதே பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் தோட்டங்கள் இருந்தன.

1973, 74 இல் உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் எகிறின. கூப்பன் அரிசி வெட்டப்பட்டது, கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு. கிராமத்தில் காணித்துண்டு இருந்தவர்கள் மரவள்ளியாவது நட்டார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு நட நிலம் ஏது? 1974 இல் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டுச் சராசரியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கானது. சோறு தேடி மலையிறங்கி டவுன் தெருக்களில் கையேந்தியவர்களும் இருந்தார்கள். நாட்டுக்கு அந்நியச் செலாவணியை அதிகமாகச் சம்பாதித்துக் கொடுத்ததே தேயிலைதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கேட்க ஆள் இல்லை. மொரிஸ் மைனர் வெளிவந்த அதே 1948 இல்தான் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்ம ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்ததாக வாக்குரிமையும் போனது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. பஞ்ச காலத்தில் போகத் தயங்கியவர்களும் பெட்டி கட்டினார்கள். லண்டனிலிருந்து கப்பலில் வந்த காருக்கு இங்கே பதிவு நம்பர் கிடைத்தது. இங்கேயே பிறந்தவர்களில் பலருக்கு ஒரு நாட்டின் கடதாசியும் கையில் இல்லை. நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003 வரை இழுபட்டது.

இதைச் சொல்வதால் காரை வெறுக்கச் சொல்கிறேன் என்று எடுக்க வேண்டாம். எனக்கும் பிடிக்கும். துருவைச் சுரண்டி, கதவை நிமிர்த்தி, ஐம்பது வருசத்து எஞ்சினை உயிர்ப்பிக்கிற கைவேலைக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. எதைத் திருத்துகிறோம், எதை விட்டுவிடுகிறோம்? அந்தக் காலத்துக் கார் விண்டேஜ். துரை பங்களா ஹெரிட்டேஜ் ஹோட்டல். அதே காலத்தில் கட்டிய லயம் மட்டும் வெறும் பழசு, அதில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

காருக்குப் பதிவுப் புத்தகம் இருக்கிறது. எந்த வருசம் வந்தது, யார் கை மாறியது என்று அதில் பார்க்கலாம். நம்ம வீடுகளில் அந்தப் புத்தகம் அப்பாயியின், அம்மாச்சியின் ஞாபகம்தான். அதையும் யாராவது உட்கார்ந்து எழுதி எடுக்க வேண்டும். அடுத்த முறை பழைய மொரிஸ் ஒன்றோடு செல்ஃபி எடுத்தால், வீட்டுக்குப் போய் அவங்களிடம் ஒன்று கேளுங்கள்: "எழுபத்துநாலுல என்ன சாப்பிட்டீங்க?"