டிஸ்கோ தாளத்தில் பத்து ராகம்

டிஸ்கோ என்ற சொல் பிரெஞ்சுக்காரர்களுடையது. 'பிப்லியொதேக்' என்றால் நூலகம். அதே அச்சில் வார்த்த சொல் 'திஸ்கொதேக்', அதாவது இசைத்தட்டுகள் இருக்கும் இடம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 70-களில் எல்லோரும் டிஸ்கோ டிஸ்கோ என்றபோது எனக்குக் கண்ணாடி உருண்டை விளக்கு ஞாபகம் வராது, தட்டு அடுக்கிய மர அலமாரிதான் ஞாபகம் வரும். வாத்தியக் குழுவை வைத்து ஆடிய இடத்தில் தட்டைப் போட்டு ஆடத் தொடங்கினார்கள். தட்டு மாற்றுகிறவர் டிஸ்க் ஜாக்கி, சுருக்கமாக டிஜே. ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரான சங்ககிரிக்குக் குடிவந்து பார்த்தால், மாரியம்மன் நோம்பிக்கு ரேடியோ செட்டு கட்டுகிற பையன்கூட பேனரில் டிஜே என்றுதான் போட்டுக்கொள்கிறான். அவன் போடும் அடி மலைக்கோட்டை வரை அதிரும். அந்த டும் டும் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் சரண்ஜித் சிங் என்ற பெயரில் வந்து நின்றேன்.

பம்பாய்க்காரர், 1940-ல் பிறந்தவர். இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்துப் பிழைத்தவர். சங்கர்–ஜெய்கிஷன், எஸ்.டி. பர்மன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் எல்லோருக்கும் வாசித்திருக்கிறார். முக்கியமாக பேஸ் கிதார், பிறகு சிந்தசைசர். 1971-ல் வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தின் 'தம் மாரோ தம்' பாட்டை நம் ஊர் டீக்கடைகளிலும் கேட்டிருப்பீர்கள். அதில் டிரான்சிகார்ட் என்ற மின்சார அக்கார்டியன் வாசித்தவர் இவர்தான். தட்டின் உறையில் பெயர் இருக்காது. இசையமைப்பாளர் பெயர், பாடகர் பெயர், அதோடு சரி. இதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆபீசில் கோப்பைப் படித்துக் குறிப்பு எழுதுகிறவன் எழுத்தர், கீழே பச்சை மையில் இருப்பது அதிகாரியின் கையெழுத்து. முப்பத்தைந்து வருஷம் அந்த வேலை பார்த்தவனுக்கு ஸ்டூடியோ வாத்தியக்காரரைப் புரிந்துகொள்ள விளக்கவுரை வேண்டாம்.

சினிமாப் பாட்டுகளை வாத்தியத்தில் மட்டும் வாசித்துத் தன் பெயரிலும் சில தட்டுகள் போட்டார். கல்யாண வீடுகளில் தன் குழுவோடு வாசித்தார். எது கிடைத்ததோ அதைச் செய்தார். அந்தக் காலத்து வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் பிழைப்பு.

இனி சிங்கப்பூர் கதை. 80-களின் தொடக்கத்தில் அங்கே மூன்று ஜப்பானியக் கருவிகளை வாங்கினார். மூன்றும் ரோலண்ட் கம்பெனி. ஜூப்பிட்டர்-8 என்ற சிந்தசைசர், டிஆர்-808 என்ற தாளக் கருவி, டிபி-303 என்ற சின்னப் பெட்டி. இந்த மூன்றாவதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து கிதார் பழகுகிறவருக்கு பேஸ் கிதார்க்காரர் இல்லாத குறையைத் தீர்க்க 1981-ல் வெளியிட்டார்கள். சத்தம் பேஸ் கிதார் மாதிரி இல்லவே இல்லை. அதில் வரிசையை ஏற்றுவதும் பெரும் தலைவலி. விற்பனை படுத்தது, 1984-ல் நிறுத்திவிட்டார்கள். பேஸ் கிதார்க்காரரின் வேலையைப் பறிக்கச் செய்த பெட்டியை, பிழைப்பே பேஸ் கிதாரான ஒரு மனிதர் காசு கொடுத்து வாங்கி வந்தார் என்பதை நினைத்து நான் சிரித்திருக்கிறேன்.

அப்போது இந்தி சினிமா முழுக்க டிஸ்கோ. 1980-ல் 'குர்பானி', 1982-ல் 'டிஸ்கோ டான்ஸர்'. (பின்னது தமிழில் ஆனந்த் பாபு ஆடிய 'பாடும் வானம்பாடி' ஆனது.) எல்லோரும் டிஸ்கோ போடுகிறார்களே, நாம் வேறு மாதிரி போடுவோம் என்று சரண்ஜித் யோசித்தார். தபலாவை எடுத்துவிட்டு, டிஸ்கோ தாளத்தின் மேல் ராகங்களை வாசிப்பது என்று முடிவு செய்தார். பைரவ், லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. நம் கணக்கில் பைரவ் மாயாமாளவகௌளை, பூபாளி மோகனம், யமன் கல்யாணி, மால்கௌன்ஸ் ஹிந்தோளம், கலாவதி வலஜி. தோடியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள், அவர்கள் தோடி நமக்குச் சுபபந்துவராளி. 1982-ல் எச்எம்வி வெளியிட்டது. வானொலியில் சில பகுதிகள் வந்தன. தட்டு விற்கவில்லை. ராகம் கேட்கிறவர் டிஸ்கோ என்றதும் ஓடியிருப்பார், டிஸ்கோ கேட்கிறவர் ராகம் என்றதும் ஓடியிருப்பார் என்பது என் கணிப்பு.

இதற்கிடையில் அமெரிக்காவில் வேறு கதை. விலைபோகாத 303 பெட்டிகள் பழைய சாமான் கடைகளுக்குப் போயின. சிகாகோவில் ஃபியூச்சர் என்ற மூன்று பேர் குழு அப்படியொன்றை வாங்கித் திருகினார்கள். பேஸ் வரவில்லை, நெளிந்து நெளிந்து ஒரு கூச்சல் வந்தது. அதையே இசையாக வைத்து 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டார்கள். 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகைக்கே பெயர் கொடுத்தது அந்தத் தட்டுதான். அது இங்கிலாந்துக்குப் போய் ஐரோப்பாவையே ஆட்டிவைத்தது.

2002-ல் ஏடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளர் டெல்லியில் ஒரு கடையில் சரண்ஜித்தின் தட்டை எடுத்தார். போட்டுக் கேட்டால் 1987-ல் பிறந்ததாகச் சொல்லப்படும் சத்தம் 1982 தட்டில் இருக்கிறது. ஆளைத் தேடிப்பிடித்து 2010-ல் மறுபடி வெளியிட்டார். ஆசிட் ஹவுஸ் பிறந்தது பம்பாயில்தான் என்று எழுதினார்கள். யாரோ இப்போது செய்துவிட்டுப் பழைய தேதி போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

இரண்டையும் நான் ஏற்கவில்லை. சிகாகோ பையன்கள் இவர் தட்டைக் கேட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை. அவர்களாகக் கண்டுபிடித்தது அவர்களுடையது. இவரும் புதுவகை இசையைக் கண்டுபிடிக்கப் போகவில்லை. ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த 303-ல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. இந்துஸ்தானியில் 'மீண்ட்' என்பார்கள். ராகம் அறிந்த கைக்கு அந்த வசதியைக் கண்டதும் என்ன தோன்றியிருக்கும்! கிதார் பழகுகிறவருக்குப் பயன்படாத பெட்டி இவருக்கு அங்கேதான் பயன்பட்டது.

என் பிரெஞ்சு வாத்தியார்கள் இருந்திருந்தால் உடனே பியேர் ஷேஃபேரை இழுத்திருப்பார்கள். அவர் 1948-லேயே பாரிஸில் ரயில் சத்தங்களைத் தட்டில் பதிந்து, திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அதை இசை என்று வானொலியில் போட்டவர். இருக்கட்டும். ஷேஃபேருக்கு ஆய்வு செய்ய அரசு வானொலி இருந்தது. சரண்ஜித்துக்கு மறுநாள் கல்யாணக் கச்சேரி இருந்தது.

எழுபது தாண்டிய வயதில் அவர் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை மறுபடி வாசித்தார். எதிரே ஆடியவர்களில் பலர் தட்டு வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

யூடியூபில் கிடைக்கிறது. முதலில் கலாவதியைக் கேளுங்கள், வலஜி தெரிந்தவர்களுக்கு இரண்டாவது நிமிடத்துக்குள் பிடிபட்டுவிடும். ஹெட்போன் கட்டாயம். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் லாரி ஹாரன்தான் கேட்கும்.