பினாங்கில் குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவும் சட்டத் துணையும்: ஒரு வரலாற்று நோக்கு

இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி இயற்றப்பட்டு 1872இல் நடைமுறைக்கு வந்த நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம், மனைவியை அடித்த கணவனையும் தெருவில் அயலானை அடித்தவனையும் ஒரே பிரிவின்கீழ் வைத்தது. இன்றும் 323 என்ற எண்ணையே தாங்கும் அப்பிரிவு காயம் விளைவிப்பதை ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. ஆயினும் பின்னாளைய குற்றவியல் நடைமுறையில் அது பிடியாணையின்றிக் கைதுசெய்ய இயலாத, அரசு வழக்குரைஞரின் ஆணையின்றிக் காவல்துறை விசாரிக்கவும் இயலாத குற்றமாகவே இருந்தமையால், ஜோர்ஜ்டவுன் காவல் நிலையத்தில் புகார் எழுதிய பெண் அன்றிரவே அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நிலையைச் சட்டமே உண்டாக்கியது.

1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு)ச் சட்டம், 103ஆம் பிரிவின் வழியாக, துணைவரைத் துன்புறுத்தாதிருக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்தது. மணவிலக்கு போன்ற வழக்கு நிலுவையில் இருக்கையிலோ தீர்ப்புக்குப் பின்னரோ மட்டுமே அந்த ஆணை கிட்டியதால், பாதுகாப்பு வேண்டிய பெண் முதலில் மணமுறிவு வழக்கறிஞரைத் தேட வேண்டியிருந்தது. கோயிலில் தாலி கட்டியும் பதிவு செய்யாதிருந்த தமிழ்ப் பெண்களுக்கு இவ்வழி ஏறக்குறைய அடைபட்டே கிடந்தது.

பினாங்கில் மகளிர் நெருக்கடி மையம் (பின்னாளில் மாற்றத்திற்கான மகளிர் மையம்) தோன்றிய 1985ஆம் ஆண்டிலேயே, பெண்களுக்கெதிரான வன்முறையை எதிர்த்து அமைப்புகள் பல ஒன்றிணைந்த கூட்டுச் செயற்குழுவும் உருவாகித் தனிச்சட்டம் கோரிப் போராடியது. 1994இல் நிறைவேறிய குடும்ப வன்முறைச் சட்டம் 1996 ஜூன் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. இஸ்லாமியக் குடும்பச் சட்டம் மாநிலங்களின் அதிகாரத்துக்கும் குற்றவியல் கூட்டரசின் அதிகாரத்துக்கும் உட்பட்டவை என்பதால், எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும் பொருட்டு இச்சட்டம் தண்டனைச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டது. அரசியல் நோக்கில் கெட்டிக்காரத்தனமான இம்முடிவின் சுமையைப் பின்னர் சுமந்தவர்கள் விண்ணப்பதாரர்களே. எனினும், பதிவு பெறாவிடினும் சமயச் சடங்கின்படியோ வழக்கத்தின்படியோ மணந்தவரைத் துணைவராக ஏற்றது இச்சட்டத்தின் பெரும் பேறு.

இப்பிணைப்பின் விளைவாகப் பாதுகாப்பு இரு படிகளாயிற்று: காவல் விசாரணை நடக்கும் காலத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவும், குற்றச்சாட்டுக்குப் பின் பன்னிரண்டு மாதம் வரை செல்லுபடியாகும் பாதுகாப்பு உத்தரவும் மாஜிஸ்திரேட்டால் வழங்கப்படலாயின. முதலாவதற்குக் காவல் புகாரும் விசாரணை அதிகாரியின் கடிதமும் வேண்டும். விண்ணப்பத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்பவர் சமூக நல இலாகா அதிகாரி. வழக்கறிஞருக்கு இப்பாதையில் இன்றியமையாத இடமில்லை. புகாரில் எதை எழுதுவது, எந்தக் கடிதத்தைக் கேட்பது என்று விளக்கும் துணையைப் பெரும்பாலும் மகளிர் மையங்களின் ஆலோசகர்களே தந்தனர். 323ஆம் பிரிவின் பழைய தடையும் உடன் தொடர்ந்தது. குடும்ப வன்முறைக் குற்றங்களில் காவல்துறை தானாக விசாரிக்கவும் கைது செய்யவும் வழிவிட்ட திருத்தம் 2012இல்தான் வந்தது.

உத்தரவை எதிர்ப்பவரின் நிலை வேறு. இடைக்கால உத்தரவு எதிர்த்தரப்பைக் கேளாமலே வழங்கப்படக்கூடியது. பிறகு அதை மாற்றவோ நீக்கவோ அவர் கோரலாம். வீட்டில் தனித்து வசிக்கும் உரிமையை நீதிமன்றம் மனைவிக்கு அளித்திருந்தாலும், தகுந்த மாற்று வசிப்பிடம் கிடைத்தாலோ அதன் தேவை அற்றுவிட்டாலோ அது நீக்கப்படும்; சட்டவாதத்துக்கு இடமுள்ளது இங்கேதான். உத்தரவை மீறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்; வன்முறையோடு மீறினால் இவ்வரம்புகள் இரட்டிப்பாகும். கைதானவர்க்கு இலவச வழக்கறிஞரைத் தரும் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் 2012இல் செயற்படத் தொடங்கியது. உத்தரவு நாடும் பெண்ணுக்கு அதனையொத்த முழுத் துணை அமையாதது முறையன்று.

2018 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவசரகாலப் பாதுகாப்பு உத்தரவைச் சேர்த்தது. காவல் புகாரின்றியே, அதிகாரம் பெற்ற சமூக நல அதிகாரி விண்ணப்பம் கிடைத்த இரண்டு மணி நேரத்துக்குள் வழங்கும் இது ஏழு நாள் நீடிக்கும். குற்ற விசாரணையிலிருந்து பாதுகாப்பு முதன்முதலாகப் பிரிக்கப்பட்டது இதில்தான். எட்டாம் நாள் முதல் மீண்டும் பழைய பிணைப்பே செல்லும். மேல் நடவடிக்கை இல்லையெனக் காவல்துறை எழுத்தில் அறிவித்தால் இடைக்கால உத்தரவு முடிவுறும். பாதுகாப்பு உத்தரவைத் தனித்த உரிமையியல் தீர்வாக மாற்றாதவரை, விண்ணப்பதாரருக்காக வழக்கறிஞர் வாதாடக்கூடிய களம் குறுகியதாகவே இருக்கும்.