மூடியிருந்த ஜாடி

விண்கற்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் வானத்திலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். கல் விழுந்த பிறகு அதை யார் எடுத்தார்கள், எதில் போட்டு வைத்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. கரிப்பொருள் மிகுந்த விண்கற்களைப் பொறுத்தவரை இது நிச்சயம்.

1864 மே 14, இரவு எட்டு மணிக்குச் சற்றுப் பின் தெற்குப் பிரான்சில் ஓர்கேய் கிராமத்தைச் சுற்றி ஏறத்தாழ இருபது கற்கள் விழுந்தன. (ஓர்கேய் என்றால் பிரெஞ்சில் கர்வம். ஊருக்குப் பேர் வைத்தவன் இதை எதிர்பார்த்திருக்க முடியாது.) கறுத்து, மிருதுவாக, கத்தியால் வெட்டக்கூடிய கற்கள். சீவினால் பென்சிலாக எழுதலாம். தண்ணீரில் போட்டால் குழைந்து உதிரும். ஜனங்கள் வெறுங்கையால் பொறுக்கினார்கள். சீக்கிரமே பாரிஸ் ரசாயனிகளின் மேஜைக்குத் துண்டுகள் போய்ச் சேர்ந்தன. க்ளோயெஸ் அதிலிருந்த கரிமப் பொருளைப் புல்கரிக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் ஒப்பிட்டார். இந்த ரகக் கல் மிக அரிது. எளிதில் ஆவியாகும் சில வாயுக்களைத் தள்ளிவிட்டால் இதன் தனிம விகிதமும் சூரியனுடையதும் ஏறத்தாழ ஒன்றே. 1911இல் ராஜஸ்தானத்தில் டோங்க் என்ற இடத்தில் விழுந்ததும் இந்த ரகம்தான். கிடைத்தது பத்து கிராம்கூட இல்லை.

ஓர்கேய் கல் விழுவதற்கு 37 நாட்கள் முன்னால், ஏப்ரல் 7 அன்று, ஸார்போனில் பாஸ்தர் தம் பிரசித்தி பெற்ற சொற்பொழிவை நிகழ்த்தினார். உயிர் தானாக முளைக்காது என்று ஸ்தாபித்த பேச்சு. பிரான்சு முழுவதும் அந்த விவாதம் சூடாக இருந்த சமயம்.

1961இல் நாகியும் க்ளாஸும் ஓர்கேய் கல்லில் நுண்ணுயிர்ப் படிமங்கள் போன்றவற்றைக் கண்டதாக அறிவித்தார்கள். அவற்றில் ஒரு வகை ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் என்று மறுத்தார்கள் எதிர்த் தரப்பினர். இந்தச் சண்டையின் நடுவில்தான் மோன்தோபான் அருங்காட்சியகத்தில் கண்ணாடி ஜாடியில் மூடி வைத்திருந்த ஒரு துண்டு பரிசோதனைக்கு வந்தது. உள்ளே ஜங்கஸ் என்ற ஈரநிலக் கோரையின் விதைகள், நிலக்கரித் துணுக்குகள், மேலே கருகிய தோல் மாதிரித் தெரியும்படி பூசிய பிசின். 1964இல் ஆண்டர்ஸும் சகாக்களும் இதை வெளியிட்டார்கள். கல் விழுந்த காலத்தில் எவனோ ஈரப்படுத்தி, விதையை அமுக்கி, பிசின் தடவி வைத்திருக்கிறான். பாஸ்தர் விவாதத்தைக் கிண்டல் செய்யும் நோக்கமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

இதை வெறும் குறும்பு என்று தள்ள எனக்கு மனமில்லை. குறும்புக்காரனுக்கு உடனே ஏமாறும் ஓர் ஆள் வேண்டும். இவனுக்குக் கிடைக்கவில்லை. ஜாடியை யாரும் திறக்கவில்லை. நூறு வருஷம் கழித்துத் திறந்தபோது பாஸ்தருமில்லை, அவனுமில்லை. ஆள் பெயர் தெரியாது, கோரையின் பெயர் தெரியும்.

ஆனால் கல்லைக் கெடுக்க இப்படி ஒருவன் வேண்டியதே இல்லை. 1965இல் மனித விரல்களில் உள்ள அமினோ அமிலங்களைப் பற்றியே கட்டுரைகள் வந்தன. கல்லில் கண்டது கல்லுடையதா, தொட்டவனுடையதா என்ற பிரச்னை. ஓர்கேய் கல்லில் ஓடும் வெள்ளை ஸல்பேட் நரம்புகளை வெகுகாலம், ஆதியில் அங்கே தண்ணீர் ஓடியதற்குச் சாட்சி என்று வாசித்தார்கள். அலமாரிக் காற்றின் ஈரத்தில் பிற்பாடு விளைந்தவை அவை என்று 2001இல் கூனலும் ஸோலென்ஸ்கியும் வாதிட்டார்கள். பாதுகாத்ததே கல்லை மாற்றியிருக்கிறது.

1969 செப்டம்பர் 28 காலையில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிஸனில் விழுந்த நூறு கிலோவுக்கு மேற்பட்ட கற்களில் ஸ்பிரிட் வாசனை வந்ததாகச் சொன்னார்கள். அதன் அமினோ அமிலங்களில் இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறக்குறையச் சமமாக இருந்தன. பூமியின் உயிர்கள் இடக்கைக்காரர்கள். எனவே விரல் ரேகை என்று தள்ள முடியவில்லை. 2000 ஜனவரி 18 அன்று கனடாவின் டாகிஷ் ஏரிப் பகுதியில் விழுந்தவற்றை, ஒரு வாரம் கழித்து உறைந்த ஏரியின் மேல் கண்டவர் கை படாமல் பிளாஸ்டிக் பைகளில் எடுத்து, உறைந்தபடியே வைத்திருந்தார். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எனக்குத் தெரிந்து இந்தச் சரித்திரத்திலேயே மிக நாகரிகமான கை அவருடையது.

பிறகு விழும்வரை காத்திருக்காமல் போய் எடுக்கவே ஆரம்பித்தார்கள். 2020 டிசம்பரில் ஜப்பானின் ஹயபூஸா2 கலம் ர்யூகு என்ற சிறுகோளிலிருந்து 5.4 கிராம் கொண்டுவந்தது. ஓர்கேயின் ரகமேதான். ஸல்பேட் நரம்புகள் அதில் இல்லை. 2001இன் வாதம் ஜெயித்தது.

அதில் ஒரு மில்லிமீட்டர் அளவிலான துகள் லண்டனுக்குப் போயிற்று. அதன்மேல் இழை இழையாக நுண்ணுயிர்கள் பெருகிப் பின் குறைந்ததை 2024இல் அங்குள்ள விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அவை பூமியுடையவை. பிசின் தடவ ஒருவனும் அங்கே இல்லை.