சத்தியவேடும் ஓர் ஆல்டர்மனும்

கும்மிடிப்பூண்டியிலிருந்தோ ஊத்துக்கோட்டையிலிருந்தோ சத்தியவேட்டுக்குச் செல்பவர் இன்று ஆந்திரத்துக்குள் பிரவேசிக்கிறார். 1960 ஏப்ரல் முதல் தேதிக்கு முன் அதே பாதையில் சென்றிருந்தாரானால், செங்கற்பட்டு ஜில்லாவைவிட்டு அவர் வெளியேறியிருக்கவே மாட்டார். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இப்பிரதேசத்தின் விதியோடு, சென்னை மாநகராட்சியின் ஆல்டர்மன் ஒருவருடைய பொதுவாழ்வு பிணைந்து கிடக்கிறது.

அந்த ஆல்டர்மன் ம. பொ. சிவஞானம். 1906-ல் சென்னையில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்து, அந்த எழுத்துக்களிடமிருந்தே கல்வியைச் சம்பாதித்துக்கொண்டவர். 1942-ல் அமராவதிச் சிறைவரை சென்று மீண்டு, 1946-ல் தமிழரசுக் கழகத்தை ஸ்தாபித்தவர். அத்தகைய தொழிலாளி ஒருவர் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் அமர்ந்ததையே நான் அவருடைய சரித்திரத்தின் பிரதான சம்பவமாகக் கருதுவேன். தேசபக்தி வேறு பலருக்கும் இருந்தது.

1952 டிசம்பரில், மயிலாப்பூரில் உண்ணாவிரதமிருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர் நீத்ததும், ஆந்திர ராஜ்யம் நிச்சயமாயிற்று. சென்னை யாருக்கு என்ற விவாதமோ உக்கிரமடைந்தது. மேயர் செங்கல்வராயன் தலைமையில் மாநகராட்சி, நகரம் தமிழருக்கே உரியதென்று தீர்மானித்ததற்கும், ராஜாஜி உறுதி தளராது நின்றதற்கும் பின்னணியில், தெருத்தெருவாகக் கூட்டம் கூட்டிய ம. பொ. சி.யின் பிரயத்தனம் இருந்தது. ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையுமென்று 1953 மார்ச் 25-ல் நேரு அறிவித்தார்.

வேங்கடம்வரை தமிழகம் என்ற கோரிக்கையோ அவ்வளவு சுலபமாக முடியவில்லை. திருத்தணியில் மங்கலங்கிழார் முதலியோர் வளர்த்த கிளர்ச்சிக்கு ம. பொ. சி. தலைமை தாங்கிச் சிறை புகுந்தார். பின்னர் மத்தியஸ்தராக வந்த படாஸ்கர், கிராமத்தை அலகாகவும் மொழிப் பெரும்பான்மையையும் தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் கொண்டு தீர்ப்பளித்தார். 1959-ல் சட்டம் பிறந்தது. அந்தத் தராசில் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. சத்தியவேடு சித்தூர் ஜில்லாவுக்குப் போயிற்று. திருப்பதியும் காளத்தியும் வந்து சேரவில்லை.

திருத்தணியைப் பற்றிப் பேசும் எல்லைப் போராட்ட வரலாறுகள் சத்தியவேட்டை ஓரிரு வரிகளில் கடந்துபோவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. மொழிவழிப் பிரிவினை என்ற தத்துவத்தை ஏற்றுக்கொண்டவர், அதன் நஷ்டக் கணக்கையும் ஏற்கத்தான் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், பிறந்த வீட்டைவிட்டு ஓரடியும் நகராமலே வேற்று ராஜ்யத்துச் சிறுபான்மையினராகிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு, எல்லைக்கு இப்பால் வந்து சேர்ந்த தெலுங்குக் குடும்பங்களுக்குப் போலவே, ரயத்துப் பட்டாவும் கோர்ட்டு விண்ணப்பமும் எந்த மொழியில் என்பது அன்றாடப் பிரச்னை. ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ராஜ்யங்கள் முயல வேண்டும் என்ற 350-ஏ பிரிவு 1956-லேயே அரசியல் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. அதை வகுப்பறைக்குள் கொண்டுசேர்க்க, தலைநகரைக் காத்தவரைப் போன்ற ஒரு வழக்காடி சத்தியவேட்டுக்கு வாய்க்கவில்லை.