உள்ளீட்டு ஓடை உறைகள்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில், கோப்பு, விசைப்பலகை, வலையிணைப்பு போன்ற ஏதேனும் ஒரு மூலத்திலிருந்து வரிசையாக வந்துசேரும் பைட்டுகளை வாங்கித் தரும் பொருள் உள்ளீட்டு ஓடை எனப்படும். அந்தப் பொருளை இன்னொரு பொருளுக்குள் வைத்து, வெளிப்பொருளிடம் தரவு கேட்கும்போது அது உட்பொருளிடமிருந்து பைட்டுகளைப் பெற்று, அவற்றைத் திரட்டியோ சுருக்கம் விரித்தோ எழுத்துகளாக மாற்றியோ கொடுக்கும்படி அமைப்பது உறையிடல். வெளியே நிற்கும் பொருள் உறை. பைட் ஓடையை மூடும் உறையும் ஒரு பைட் ஓடையாகவே நடந்துகொள்வதால், உறைமேல் உறையாக எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஜாவா மொழியின் வழியே பரவலாக அறியப்பட்ட இம்முறைக்குத் தமிழ்க் கணிமையில் தனித்த முக்கியத்துவம் உண்டு. ஆங்கில உரையில் ஒரு பைட் ஓர் எழுத்தாக இருந்துவிடுவதால் உறை இல்லாமலும் காலம் தள்ளலாம். தமிழில் பைட், குறியெண், எழுத்து ஆகியவை மூன்று வெவ்வேறு அலகுகள் என்பதால் அது நடவாது.

ஓடை என்ற கருத்து வருமுன் கணிப்பொறிகள் தரவைப் பதிவு பதிவாகவே வாசித்தன. சென்னை அடையாற்றை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஜெர்மானிய உதவியுடன் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 போன்ற பெருங்கணிப்பொறிகளின் காலத்தில் உள்ளீட்டின் அலகு துளை அட்டை. ஓர் அட்டையில் 80 நெடுவரிசைகள். ஃபோர்ட்ரான் நிரலில் எந்தச் சாதனத்திலிருந்து, எந்த நெடுவரிசையில் தொடங்கி, எத்தனை இலக்கம் வாசிக்க வேண்டும் என்பதை நிரலரே எழுதியாக வேண்டும். தரவு எங்கிருந்து வருகிறது என்பதும் அதை எப்படிப் பொருள்கொள்வது என்பதும் ஒரே கட்டளைக்குள் பின்னிக் கிடந்தன. சாதனம் மாறினால் நிரலும் மாறவேண்டியிருந்தது.

இந்தப் பின்னலை அவிழ்த்தது யுனிக்ஸ் இயங்குதளம். எல்லாக் கோப்புகளையும் சாதனங்களையும் வெறும் பைட் வரிசையாகக் கருதிய அது, டக் மெக்கில்ராய் வலியுறுத்தியதன் பேரில் 1973இல் குழாய் என்னும் வசதியைப் பெற்றது. ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடாகப் பாய, இடையில் நிற்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு வடிகட்டியாக வேலை செய்தது. பிற்கால உறைகள் நிரலுக்குள் பொருள்களைக் கொண்டு செய்ததை, குழாய் நிரல்களைக் கொண்டு செய்தது எனலாம். பொருள்நோக்கு மொழிகளில், செராக்ஸ் ஆய்வகத்தில் உருவான ஸ்மால்டாக்-80 ஒரு தொகுப்பின்மேல் வாசிப்பு ஓடையை அமர்த்தும் வழியைத் தந்தது. சி++ மொழிக்கு ஜெர்ரி ஷ்வார்ட்ஸ் எழுதி 1989இல் வெளியான ஓடை நூலகம், பைட்டுகளைத் திரட்டும் இடையகத்தை ஒரு பொருளாகவும் அவற்றை எண்ணாகவும் சொல்லாகவும் வாசிக்கும் பகுதியை வேறொரு பொருளாகவும் பிரித்தது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் பலர் பொருள்நோக்கு நிரலாக்கத்தை முதலில் சந்திப்பது சி++ வழியாகத்தான். அவர்கள் எழுதும் ‘சின்’ என்ற உள்ளீட்டுப் பொருளுக்குள் இந்தப் பிரிவினை ஒளிந்திருப்பதைப் பாடநூல்கள் பெரிதாகச் சொல்வதில்லை.

உறையிடலுக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தது, எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடஸ் ஆகிய நால்வர் எழுதி 1994இல் வெளியான வடிவமைப்பு வார்ப்புகள் பற்றிய நூல். அலங்கரிப்பி என்று அந்நூல் வகைப்படுத்தும் வார்ப்பு இதுவே. மரபுரிமத்தைக் கொண்டு இதே வேலையைச் செய்ய முயன்றால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஐந்து வகை மூலங்களும், இடையகம், சுருக்கம் விரித்தல், வரி எண்ணல், வாசித்ததைத் திருப்பி வைக்கும் பின்தள்ளல் என்ற நான்கு கூடுதல் திறன்களும் இருப்பதாகக் கொண்டால், நான்கு திறன்களை வேண்டும், வேண்டாம் என்று கலக்க 16 வழிகள் உண்டு. ஐந்து மூலங்களுக்கும் சேர்த்து 80 இனக்குழுக்கள் எழுதவேண்டும். உறையிடலில் மூலத்துக்கு ஒன்றும் திறனுக்கு ஒன்றுமாக ஒன்பதே போதும். அந்நூல் இவ்வார்ப்புக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டவற்றில் ஓடைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று தரவை ஏழு பிட் ஆங்கிலக் குறியீடாக மாற்றும் உறை. எழுத்துக் குறியீட்டை மாற்றுவது உறையின் வேலை என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது, அது ஆங்கிலத்தை நோக்கியதாக இருந்தாலும்.

1996 ஜனவரியில் வெளியான ஜாவாவின் முதல் பதிப்பு இந்த வார்ப்பைத் தன் உள்ளீட்டு நூலகத்தின் அடித்தளமாக்கியது. ஃபைல்இன்புட்ஸ்ட்ரீம் கோப்பிலிருந்து பைட்டுகளை எடுக்கும். அதன் வாசிப்புச் செயற்கூறு ஒவ்வொரு அழைப்புக்கும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணைத் தந்து, கோப்பு முடிந்ததும் −1 தரும். ஒவ்வொரு பைட்டுக்கும் இயங்குதளத்தை அழைப்பது மிகுந்த தாமதம் தருவதால், பஃபர்டுஇன்புட்ஸ்ட்ரீம் என்னும் உறை வழக்கமாக 8192 பைட்டுகளை ஒருசேர அள்ளி வைத்துக்கொண்டு கேட்கக் கேட்கக் கொடுக்கும். டேட்டாஇன்புட்ஸ்ட்ரீம் நான்கு பைட்டுகளைச் சேர்த்து ஒரு முழு எண்ணாக்கும். உறைக்குள் எந்த ஓடை இருக்கவேண்டும் என்பது உறைப்பொருளை உருவாக்கும் ஆக்கிக்கு அனுப்பப்படும் செயலுருபால் முடிவாகும். மிக வெளியே உள்ள உறையை மூடினால் உள்ளிருக்கும் ஓடைகள் அனைத்தும் மூடப்படும்.

முதல் பதிப்பில் ஒரு பெரும் குறை இருந்தது. ஜாவாவின் எழுத்து வகை தொடக்கத்திலிருந்தே 16 பிட் அளவில் ஒருங்குறியைத் தழுவியிருந்தும், வரி வாசிக்கும் செயற்கூறு ஒவ்வொரு பைட்டையும் அப்படியே ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டது. 1997 பிப்ரவரியில் வந்த 1.1 பதிப்பு அச்செயற்கூறைக் கைவிடத்தக்கதாக அறிவித்து, எழுத்துகளை மட்டுமே கையாளும் ரீடர் குடும்பத்தை அறிமுகம் செய்தது. பைட் ஓடைக்கும் ரீடருக்கும் நடுவே பாலமாக நிற்கும் உறை இன்புட்ஸ்ட்ரீம்ரீடர். எந்தக் குறியீட்டு முறையில் பைட்டுகளைப் படிக்கவேண்டும் என்பதை அதன் ஆக்கிக்குச் சொல்லலாம். தமிழைப் பொறுத்தவரை ஜாவா நூலகத்தின் மிக முக்கியமான இனக்குழு இதுவே.

காரணத்தை ஒரே எழுத்தில் காணலாம். ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய கட்டத்தில் அமைந்த ‘க’, கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடித்த யுடிஎஃப்-8 முறையில் 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. பாலம் சரியாக அமைந்தால் ரீடர் இந்த மூன்றையும் சேர்த்து ஒரு ‘க’ தரும். மேற்கு ஐரோப்பிய விண்டோஸ் குறியீட்டில் படிக்கும்படி அமைந்துவிட்டால் மூன்றும் மூன்று குறிகளாகப் பிரிந்து, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற பதிவு முத்திரை, ஒரு கரும்புள்ளி என்று திரையில் விழும். தமிழ்க் கட்டத்தின் குறியெண்கள் எல்லாமே 224 என்ற பைட்டில் தொடங்கி 174 அல்லது 175இல் தொடர்வதால், சிதைந்த தமிழ் உரை முழுவதும் அந்தச் சாய்கோட்டு ‘ஏ’ திரும்பத் திரும்பத் தலைகாட்டும். அதைக் கண்டவுடனே கோளாறு எழுத்துருவில் இல்லை, வாசிக்கும் உறையில் இருக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள்.

உறையைத் தவிர்த்துக் கையாலேயே வாசிக்க முனைபவர் அடிக்கடி விழும் குழி ஒன்று இதைவிட நுட்பமானது. இடைவெளியே இல்லாத ஒரு தமிழ்க் கோப்பை 8192 பைட்டுத் துண்டுகளாக வாசித்து, துண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே சரமாக மாற்றினால், 2730 குறிகள் 8190 பைட்டுகளை எடுத்துக்கொள்ள, 2731ஆம் குறியின் முதல் இரண்டு பைட்டுகள் முதல் துண்டின் கடைசியிலும் மூன்றாவது பைட் அடுத்த துண்டின் தொடக்கத்திலும் போய்ச் சேரும். இரண்டுமே பொருளற்ற குறிகளாகிவிடும். சோதனைக்கு எடுத்த சிறிய கோப்பில் எல்லாம் சரியாக வந்து, பெரிய கோப்பில் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுத்து சிதைவதற்கு இதுவே காரணம். இன்புட்ஸ்ட்ரீம்ரீடர் முடிவுறாத பைட்டுகளைத் தன்னிடம் நிறுத்திவைத்து அடுத்த துண்டு வந்ததும் சேர்த்துக்கொள்கிறது. உறை என்பது வெறும் இடைத்தரகர் அன்று, முன் வந்ததை நினைவில் வைத்திருக்கும் பொருள் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் இல்லை.

ஜாவாவில் ரீடர் அறிமுகமான அதே காலத்தில் தமிழ்க் கோப்புகள் ஒரே குறியீட்டில் இருக்கவில்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி 1991இல் தேசியத் தரமாகியிருந்தும் தமிழ்ப் பயனரிடையே வேரூன்றவில்லை. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1990களில் இலவசமாக வழங்கிய, மயிலாப்பூரின் குறும்பெயரைத் தாங்கிய ‘மயிலை’ எழுத்துரு ஒருபுறம், அச்சகங்களும் அலுவலகங்களும் பயன்படுத்திய விற்பனை எழுத்துருக்கள் மறுபுறம் எனத் தத்தம் குறியீட்டில் உரைகள் பெருகின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கிய நூல்களை டிஸ்கி குறியீட்டிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டின் விளைவாக டேப், டேம் என்ற இரு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழ்நாடு அரசின் தரங்களாயின. 2010 ஜூனில் ஒருங்குறியும், அதைப் பயன்படுத்த இயலாத இடங்களுக்கு, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் தரும் டேஸ்16 முறையும் அரசுத் தரங்களாக அறிவிக்கப்பட்டன.

இவற்றுள் டிஸ்கி உறையிடலுக்கு நல்ல சோதனை. அது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வடிவங்களைச் சேமிக்கிறது: ‘கொ’ என்பது ஒற்றைக் கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று பைட்டுகள். ஒருங்குறியோ ஒலி வரிசையில் முதலில் ககரத்தையும் அடுத்து ஒகரக் குறியையும் வைக்கிறது. ஆகவே டிஸ்கி ஓடையை ஒருங்குறியாக்கும் உறை கொம்பைக் கண்டதும் எதையும் வெளியிடாமல் மெய்யை வாங்கி, அதன்பின் துணைக்கால் வருகிறதா என்று இன்னுமொரு பைட்டையும் பார்த்த பிறகே ‘கெ’ என்றோ ‘கொ’ என்றோ முடிவுசெய்ய முடியும். துணைக்கால் இல்லையென்றால் எட்டிப்பார்த்த பைட்டை ஓடைக்கே திருப்பித் தரவேண்டும். ஜாவாவில் பின்தள்ளல் உறைகள் இருப்பது இத்தகைய தேவைகளுக்கே. குனூ சி நிரலகம் டிஸ்கி மாற்றியைத் தன்னுள் கொண்டிருக்கிறது. ஜாவாவின் இயல்பான குறியீட்டுப் பட்டியலில் இஸ்கி உண்டு, டிஸ்கியும் டேபும் இல்லை.

இந்த இடைவெளியைத் தனித்தனி முயற்சிகள் நிரப்பின. ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையிலிருந்து இயங்கிய நியூ ஹொரைசன் மீடியா பதிப்பகம் இலவசமாக வழங்கிய என்எச்எம் மாற்றி, பழைய குறியீடுகளிலிருந்த உரைகளை ஒருங்குறிக்குக் கொண்டுவரப் பலருக்கும் கைகொடுத்தது. 2001இல் தோன்றி இன்று கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலக வளாகத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகமும் எழுத்துருக்களையும் குறியீட்டு மாற்றிகளையும் வழங்கிவருகிறது. பைத்தான் மொழிக்கு முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் பழைய குறியீடுகளை ஒருங்குறியாக்கும் பகுதியோடு, குறியெண்களை எழுத்துகளாகத் தொகுக்கும் செயற்கூறும் இருக்கிறது. ‘கொடி’ என்ற சொல் யுடிஎஃப்-8இல் 12 பைட்டுகள், ஒருங்குறியில் 4 குறியெண்கள், தமிழில் 2 எழுத்துகள். ஜாவாவின் ரீடர் இரண்டாவது நிலையோடு நின்றுவிடுவதால் அச்சொல்லின் நீளத்தை 4 என்றே சொல்லும். மூன்றாவது நிலைக்கு இன்னும் ஓர் உறையை நிரலரே போடவேண்டியிருக்கிறது.

கற்பித்தலில் உறையிடல் பெற்ற இடம் அரைகுறையானது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறைப்படியான பொருள்நோக்கு நிரலாக்கப் பாடத்தில் பைட் ஓடைகளும் எழுத்து ஓடைகளும் இடம்பெற்றன. மாணவர்கள் விசைப்பலகை ஓடையை இன்புட்ஸ்ட்ரீம்ரீடரிலும் அதை, எழுத்துகளைத் திரட்டிவைக்கும் பஃபர்டுரீடரிலும் பொதியும் ஒற்றை வரியை மனப்பாடமாக எழுதுவார்கள். 2004இல் ஜாவா 5 கொண்டுவந்த ஸ்கேனர் அந்த வரியையும் பலருக்குத் தேவையற்றதாக்கியது. விசைப்பலகை ஓடையின்மேல் இரண்டு பஃபர்டுரீடர்களைத் தனித்தனியே போட்டால், முதலாவது தன் இடையகத்துக்குள் அள்ளிக்கொண்ட வரிகள் இரண்டாவதற்குக் கிடைக்காமல் போவதை, உள்ளே நடப்பதை அறியாமல் கற்றவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. 2008இல் வெளியான பைத்தான் 3, கோப்பைத் திறக்கும் ஒரே செயற்கூறுக்குள் பைட் மூலம், இடையகம், உரை உறை என மூன்று அடுக்குகளைத் தானே அமைத்துக்கொள்கிறது. வசதிதான்; ஆனால் குறியீட்டைச் சொல்லாமல் விட்டால் கணிப்பொறியின் அமைப்பைப் பொறுத்துத் தமிழ் சிதையும் ஆபத்து அங்கும் இருந்தது.

ஜாவாவில் கோப்பை நேரே எழுத்துகளாக வாசிக்கும் ஃபைல்ரீடருக்கு 2018இன் ஜாவா 11 வரை குறியீட்டைச் சொல்லவே வழியில்லை. தமிழ்க் கோப்பை நம்பகமாக வாசிக்க விரும்பியவர் அதை விலக்கிவிட்டு இன்புட்ஸ்ட்ரீம்ரீடரைக் கையால் போர்த்த வேண்டியிருந்தது. 2022 மார்ச்சில் வெளியான ஜாவா 18, குறியீடு குறிப்பிடப்படாத இடங்களில் எந்த இயங்குதளத்திலும் யுடிஎஃப்-8 என்றே கொள்ளும்படி மாற்றியது. புதிய தமிழ்க் கோப்புகளுக்கு இதுவே போதுமானது. டேபிலும் டிஸ்கியிலும் பழைய எழுத்துருக்களிலும் தேங்கிக் கிடக்கும் கோப்புகளுக்கு இன்றும் உரிய உறையை எழுதியே தீரவேண்டும்.